மணல் வடக்கே போகிறது

செவிலிமேட்டுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது, சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் "பாலாறு செத்துப்போய் எத்தனை வருஷமாச்சு" என்று பெருமூச்சு விடுவார். தண்ணீரை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் கடந்து கடலில் சேரும் இந்த ஆற்றில், வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கிறது. அந்த மணலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நம் ஆயுளில் பார்த்துவிட முடியாத வேகத்தில். காஞ்சிபுரத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு மணல்துகளை யாரும் லாரியில் அள்ளாமல் விட்டால், என்றைக்காவது ஒரு வெள்ளத்தில் கடலுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து வடக்கே திரும்பும். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், சாளுவன்குப்பம் என்று போகும் கரையில் எங்காவது ஒரு மேட்டில் ஏறி உட்காரும்.

காஞ்சியிலிருந்து கடல் அறுபது கிலோமீட்டருக்கு மேல். பட்டு எடுக்கவும் கோயில் பார்க்கவும் வருகிறவர்கள் மாமல்லபுரத்தையும் அதே நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வறுத்த மீன், திரும்பும் வண்டி. கோயிலின் இரண்டு பக்கமும் கிடக்கும் மணல்மேட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்த மேட்டுக்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

மணல் எங்கிருந்து வருகிறது? கருங்கல்லிலிருந்து. நந்தி மலைப் பக்கத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. வெயிலும் மழையும் கருங்கல்லைத் தின்னும்போது, அதிலுள்ள கனிமங்கள் எல்லாம் ஒரே மாதிரி அழிவதில்லை. ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. அபிரகம் தகடு தகடாக உரிந்து மிதந்து போய்விடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் அசையாது. எஃகுக் கத்தியால் கீறினாலும் கோடு விழாத கடினம் அதற்கு. மலை கரைந்து முடிந்த பிறகும் மிஞ்சி நிற்பது அதுதான். அதைத்தான் ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது.

பாலாறு கடலில் கலக்கும் இடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர். காஞ்சிபுரத்தில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன் பெயரில் வயலூரில் ஒரு தூண் கல்வெட்டு உண்டு. பல்லவர்களின் நீண்ட வம்சாவளிப் பட்டியலைச் சொல்லும் கல்வெட்டு அது. வரலாற்று மாணவர்கள் படித்திருப்பார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் கட்டியதுதான். ஆற்றங்கரைத் தலைநகரம், ஆறு கடலைத் தொடும் இடம், அதற்கு வடக்கே துறைமுகம் என மூன்றிலும் ஒரே அரசனின் கை பட்டிருக்கிறது. மணலும் அதே வழியில்தான் போகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. கயிலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது என்பதை இங்கே சொல்லாமல் போனால் மனம் கேட்காது. எந்தக் காலத்திலோ நீர் கொண்டுவந்து குவித்த மணல் இறுகிக் கல்லாகி, சிற்பமாகி, இப்போது அங்கங்கே மறுபடி மணலாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

வயலூர் முகத்துவாரம் ஆண்டில் பல மாதம் மூடியே கிடக்கும். அலைகள் குறுக்கே ஒரு மணல்திட்டை எழுப்பிவிடுகின்றன. அதை உடைக்க 2015, 2021 நவம்பர்களில் வந்தது போன்ற வெள்ளம் வேண்டும். பல வருஷம் சேர்ந்த மணல் சில நாட்களில் கடலுக்குள் தள்ளப்படுகிறது. அதற்குப் பிறகு வேலை அலையுடையது.

அலை கரைக்கு நேராக வந்து மோதுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். கணுக்கால் நனைய நின்று பாருங்கள். தெற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் ஒவ்வோர் அலையும் சற்றே சாய்வாக ஏறிவரும். ஏறும்போது மணலை வடமேற்காகத் தள்ளிக்கொண்டு வரும். இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக வழிந்து இறங்கும். ஒரு துகள் சாய்வாக ஏறி, நேராக இறங்கி, மறுபடி சாய்வாக ஏறி, ரம்பப்பல் போன்ற தடத்தில் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வாடைக்காற்று வீசும் மழைக்கால மாதங்களில் போக்கு தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கேதான் போயிருக்கும். சென்னை மெரினா இதற்குக் கண்கண்ட சாட்சி. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அதில் முட்டி நின்றது. நாம் சுண்டல் தின்னும் அகலமான மணல்வெளியின் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்தது. துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிபட்டது.

நடக்க நினைப்பவர் வயலூரிலிருந்தே கிளம்ப முடியாது. கல்பாக்கம் அணுமின் நிலையம் கரையில் குறுக்கே நிற்கிறது. அந்தப் பகுதிக்குள் போக அனுமதியில்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய செங்கல் கோட்டைக்கு முன்னால் தொடங்குவதுதான் வசதி. ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய துணி கப்பலேறியது. அங்கிருந்து வடக்கே கொக்கிலமேடு, மாமல்லபுரம், அதைத் தாண்டிச் சாளுவன்குப்பம். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். கொக்கிலமேட்டில் கழி கடலில் சேரும் இடம் திறந்திருந்தால் இறங்கிக் கடக்கப் பார்க்க வேண்டாம். குப்பத்துக்காரர்களைக் கேட்டு ஊர் வழியே சுற்றிப் போய்விடுங்கள். குப்பங்களில் வலை காயும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது மரியாதை.

உட்கார்ந்து ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் போட்டு, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுவது குவார்ட்ஸ். மங்கலான வெள்ளையும் இளஞ்சிவப்பும் கரையாமல் மிஞ்சிய ஃபெல்ட்ஸ்பார். நடுநடுவே மாதுளை முத்து நிறத்தில் கார்னெட். கருப்பாகக் கிடப்பவை இல்மனைட்டும் மேக்னடைட்டும். ஒரு காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து நகர்த்தினால் மேக்னடைட் துகள்கள் மீசை மாதிரி எழுந்து நிற்கும். கடற்கரையில் அங்கங்கே கருஞ்சிவப்புப் பட்டையாகத் தெரிவதும் இவைதான். எடை கூடிய துகள்களை அலை விட்டுவிட்டு, இலேசானதை மட்டும் அடித்துக்கொண்டு போவதால் அப்படிப் பிரிந்து கிடக்கின்றன.

அலை கரையில் போட்டதை மேடாக்குவது காற்று. பகல் பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும். மணிக்கு சுமார் 20 கிலோமீட்டரைத் தாண்டினால் காய்ந்த மணல் கிளம்பத் தொடங்குகிறது. மணல் காற்றில் பறக்கிறது என்று சொல்கிறோமே, உண்மையில் பறப்பது தூசிதான். மணல் குதிக்கிறது. ஒரு துகள் எழும்பி, சற்றுத் தூரம் காற்றால் தள்ளப்பட்டு, சாய்வாக விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் சிலவற்றைத் தட்டி எழுப்பும். வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒன்று தெறித்ததும் எல்லாம் தெறிக்கும். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்தவர். ஊர் திரும்பிக் காற்றுச் சுரங்கம் கட்டி இந்தக் குதிப்பை அளந்தார். 1941இல் வந்த அவர் நூலை இன்றும் மணல் ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். நகரும் மணலில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிக் குதித்துப் போகிறது, மீதி தரையோடு உருண்டு போகிறது என்பது அவர் கண்டது. இந்தக் குதிப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடும். மத்தியான வேளையில் கடற்கரையில் நடந்தால் கெண்டைக்கால் மட்டும் சுரீர் சுரீரென்று எரிவதும் முகத்துக்கு ஒன்றும் ஆகாததும் அதனால்தான்.

முழங்காலுக்குக் கீழே ஓடும் இந்த மணலை நிறுத்த, முழங்கால் உயரச் செடி போதும். மணல்மேட்டின் ரகசியம் இவ்வளவுதான்.

முதலில் வருவது அடும்பு. ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இதைப் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். இதன் விதை மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் கெடாது. உலகத்தின் வெப்பமண்டலக் கரைகளில் எல்லாம் இதே கொடி கிடப்பதற்கு அது ஒரு காரணம். கணுவுக்குக் கணு வேர்விட்டுக்கொண்டு கடலை நோக்கி நீளும். அதோடு சேர்ந்து வருவது ராவணன் மீசை. வெறுங்காலோடு மிதித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இலை நுனி ஒவ்வொன்றும் ஊசி. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் காய்த்த கதிர், இரண்டு கைகளாலும் பிடிக்கிற அளவுள்ள முள் உருண்டை. முதிர்ந்ததும் காம்போடு ஒடிந்துகொண்டு காற்றில் மணல்மேல் உருண்டோடும். குப்பத்துப் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிற வழியில் விதைகளை உதிர்த்து, கடைசியில் எங்காவது பள்ளத்தில் சிக்கி, மணலில் பாதி புதைந்து நின்றுவிடும். அங்கே அடுத்த தலைமுறை முளைக்கும்.

காற்று செடியில் மோதி வேகம் குறையும்போது சுமந்து வந்த மணல் அங்கே விழுகிறது. செடி புதைகிறது. வேறு எந்தச் செடியானாலும் அதோடு முடிந்தது. இவையோ புதையப் புதையத்தான் செழிக்கும். மூடிய மணலைத் துளைத்து மேலே வந்து, புதுக் கணுவில் வேர்விட்டு, இன்னும் கொஞ்சம் மணலைப் பிடிக்கும். மணல் ஏற ஏறச் செடி ஏறுகிறது. செடி ஏற ஏற மணல் ஏறுகிறது. ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பழைய தண்டுகளும் வேர்களும் அடுக்கடுக்காக இருக்கும். காற்றுக்கு மறுபுறச் சரிவு மட்டும் ஏறக்குறைய 33 பாகையைத் தாண்டாது, தாண்டினால் சரிந்துவிடும். முன்வரிசை மேடு நிலைத்த பிறகு, அதன் மறைவில் உப்புக்காற்று குறைந்த இடத்தில் தாழையும் விராலியும் பனையும் வருகின்றன.

மேட்டுக்குக் கீழே இன்னோர் அதிசயம், தண்ணீர். மழைநீர் மணலில் ஒரு நொடியில் இறங்கிவிடும். கீழே உப்புநீர். நன்னீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் கலக்காமல் மிதக்கிறது. கடல்நீருக்கும் நன்னீருக்கும் உள்ள எடை வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டருக்கு உப்புநீரை அழுத்திக்கொண்டு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இந்தக் கணக்கைப் போட்ட இருவரில் ஒருவர் டச்சுக்காரர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு 1853 முதல் மணல்மேட்டு நீர்தான் குழாயில் வந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குப்பத்துப் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து நல்ல தண்ணீர் மொண்டதற்கும், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காஞ்சிக்காரர்கள் குடித்ததற்கும் இயற்பியல் ஏறக்குறைய ஒன்றுதான்: துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. மணலை எடுத்துவிட்டால் அந்த இடைவெளியும் போய்விடும். கடலோரத்தில் ஒரு மீட்டர் நன்னீரை இழந்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் மேலே வரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் ஆமைகள் ஏறும். மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். இரவில் ஏறி, அலை எட்டாத இடத்தில் குழி தோண்டி, நூறு முட்டை வாக்கில் இட்டு, மூடி, தட்டி, திரும்பிவிடும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு வெளியே வரும். அதற்குக் கடல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? இரவில் கடல்பக்கத்து அடிவானம் சற்று வெளுப்பாக இருக்கும்; மணல்மேடு கருத்து உயர்ந்து நிற்கும். கருப்பை விட்டு விலகி வெளுப்பை நோக்கிப் போ என்பது பிறவியிலேயே அதற்குள் இருக்கும் கட்டளை. மேட்டை மட்டம் தட்டி அங்கே ஒரு விடுதி விளக்கு வைத்தால், குஞ்சு அந்த விளக்கை நோக்கிச் சாலைக்கு ஊர்ந்து போகும். 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆமை முட்டையைத் தேடி இரவு நடையைத் தொடங்கியவர்களில் சதீஷ் பாஸ்கர் ஒருவர். 1988இலிருந்து மாணவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு அந்த நடையைத் தொடர்கிறார்கள். தமிழ்நாட்டில் கடற்கரை நடைக்கு ஒரு மரபு உண்டென்றால் அது இதுதான். காட்சி பார்க்கப் போன நடையல்ல, காவல் நடை.

சாளுவன்குப்பத்துக்கு வந்துவிடுவோம். புலிக்குகையைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கு வடக்கே சற்று நடந்தால், மணலுக்குள் இறங்கிக் கிடக்கும் ஒரு முருகன் கோயிலைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி மணலை வழித்துக்கொண்டு போனபோது, அதுவரை மறைந்திருந்த பாறைக் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவை இங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாகச் சொல்லின. 2005இல் தொல்லியல் துறையினர் பக்கத்து மேட்டைத் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வாசல் வடக்கு நோக்கியது. முன்னால் கல்லில் ஒரு வேல். செங்கல்லின் அளவை வைத்து அடிக்கட்டுமானம் சங்க காலத்தைச் சேர்ந்தது என்றும், கடல் பொங்கி அதை அழித்திருக்கலாம் என்றும் தோண்டியவர்கள் கருதினார்கள். கடல் இடித்ததை மணல் மூடிக் காத்து வைத்திருந்திருக்கிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதமும் ஒரு காலத்தில் மணலில் புதைந்து கிடந்தவைதான். கடற்கரைக் கோயிலின் காலடியில் ஒரு சிறு சன்னதியும் வராகமும் 1990இல் மணலுக்குள்ளிருந்து கிடைத்தன.

ஒரு மேடு எப்போது குவிந்தது என்று மணலையே கேட்க முடியும். குவார்ட்ஸ் துகள் புதைந்து கிடக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு அதன் படிகத்துக்குள் எலக்ட்ரான்களைச் சிறிது சிறிதாகச் சிக்க வைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலி. ஆகவே ஒரு துகளுக்குள் இருக்கும் சேமிப்பு, அது கடைசியாகச் சூரியனைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் காட்டும். ஆய்வாளர்கள் மேட்டுக்குள் இரும்புக் குழாயைச் செருகி, வெளிச்சம் படாமல் மணலை எடுத்து, இருட்டறையில் ஒளி பாய்ச்சுவார்கள். துகள்கள் மங்கலாக ஒளிர்ந்து அணையும். அந்த ஒளிதான் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளில் சில பத்தாயிரம் ஆண்டு அளவில் பழையவை என்று தெரிந்தது இப்படித்தான். உலகத்தின் பனிப்படலங்கள் பெருத்திருந்த காலத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கடலடித் தரை வெளியே கிடந்தது. காற்றுக்கு அள்ளிக்கொள்ள ஏராளமாக மணல் இருந்தது. தேரியின் சிவப்பு, துகளின் மேல் துருப்போலப் படிந்த இரும்பு ஆக்சைடு.

சுனாமியின்போது மேடு என்ன செய்தது என்பதற்கு இலங்கையின் யாலா கரை ஒரு கொடுமையான பாடம். அங்கே ஒரு விடுதி, கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னாலிருந்த மணல்மேட்டை எடுத்திருந்தது. அலை அந்த விடுதியை முழுவதுமாக அழித்தது. மேட்டை விட்டுவைத்த பக்கத்து இடங்களில் சேதம் குறைவு. அறிவியலாளர்கள் 2005இல் நேரில் அளந்து எழுதிய விஷயம் இது. மேடு சுவரைப் போல எதிர்த்து நிற்பதில்லை. தன்னில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு அலையின் பலத்தைக் குறைக்கிறது. பிறகு காற்றும் அடும்பும் அதை மறுபடி கட்டுகின்றன.

சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். அது வெளியூர் மரம். விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் பயன்படும். ஊருக்குப் பின்னால் நட்டால் நல்லதுதான். ஆனால் அடும்பும் ராவணன் மீசையும் இருக்க வேண்டிய முன்வரிசையில் அதை நட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உதிர்ந்த சருகு மெத்தையின் கீழே மணற்செடி முளைக்காது. வேர் பரந்த மணலில் ஆமை குழி தோண்டாது. 2011, 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் இரண்டும் மணல்மேட்டை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மதில் எழுப்பி உள்ளே மட்டம் தட்டிய மனைகளைப் பார்த்தால் அந்தப் பட்டியல் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். நடப்பவர்களாலும் கெடுதல் உண்டு. ஒரே இடத்தில் பலர் ஏறி இறங்கினால் கொடி அறுந்து, அந்த வெடிப்பில் காற்று புகுந்து, மேடு அங்கே வாய் பிளந்துகொள்ளும். நடக்கச் சரியான இடம், அலை நனைத்துவிட்டுப் போன கெட்டியான ஈரமணல். காலுக்கும் சுகம்.

இத்தனைக்கும் மேலே நின்று தீர்மானிப்பது வரத்து. பாலாற்றில் மணல் அள்ளியாகிவிட்டது. தடுப்பணைகள் வந்திருக்கின்றன, வயலூரிலேயே ஒன்று. நிலத்தடி நீருக்கு அவை தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கடலுக்குப் போகும் மணல் அந்த அளவுக்குக் குறையும். வரத்து குறைந்த கரையில் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி காட்டியது. 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. நகரத்தின் முன்னாலிருந்த கடற்கரை காணாமல் போனது. கல் கொட்டினார்கள். அரிப்பு கல்லைத் தாண்டி வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊராக வீடுகள் விழுந்தன. அங்கெல்லாம் மறுபடி கல். பிற்பாடு புதுச்சேரி நகர்முன் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்து, தெற்கே சேர்ந்த மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டியதில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல்வெளி திரும்பியிருக்கிறது. மாலையில் பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள். அங்கே அடும்பு இன்னும் முளைக்கவில்லை. முளைக்க விடுவார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.